ஓரகத்திகள் மலைக்குப் போன கதை

அத்தையின், அதாவது எங்கள் மாமியாரின், முதல் வருடத் திதி முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, அக்காவும் நானும் பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. அன்றைக்குப் பெரிய குண்டான் அவர் கையில் இருந்தது. அடிப்பிடித்த பாயசத்தைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏம்மா, நாம ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் போயிருக்கமா?"

யோசித்துப் பார்த்தேன். பெரம்பலூர் டவுனுக்கு? சமயபுரத்துக்கு? ஒன்றும் நினைவில் வரவில்லை.

"போனதில்லக்கா," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுக் குண்டானைக் கவிழ்த்தார்.

குரும்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், காடு பார்க்கிறவர். மக்காச்சோளம், பருத்தி, தண்ணீர் இருந்தால் சின்ன வெங்காயம். என் வீட்டுக்காரருக்கு அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். அவர்கள் பையன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். எங்கள் பெண் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

அத்தைக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டபோது அக்கா வீட்டு முன் அறையில் கட்டிலைப் போட்டோம். ஐந்து வருடம் அந்தக் கட்டில் அங்கேதான் கிடந்தது. காலையில் அக்கா காட்டுக்குப் போனதும் நான் போய் உட்காருவேன். பொழுது சாய அவர் திரும்பியதும் நான் எழுந்து வருவேன். ராத்திரி முழுக்க அவர். சொந்தத்தில் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்காலம் அவர் போவார், மறுநாள் முகூர்த்தத்துக்கு நான் போவேன். மாரியம்மன் தேர் அன்று வடம் பிடிக்க ஒருத்தி, தேர் நிலைக்கு வந்த பிறகு அர்ச்சனைத் தட்டோடு ஒருத்தி. யாரும் எழுதிவைத்த முறை இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. அவர் உள்ளே வரும்போது நான் வெளியே போய்க்கொண்டிருப்பேன். "கஞ்சி குடிச்சாங்க, மாத்திரை குடுத்தாச்சு, துணி மாத்திட்டேன்" என்று வாசற்படியில் சொல்லிக்கொள்வதுதான் எங்கள் பேச்சு.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஒரு வருடம் நாங்கள் அப்படியேதான் இருந்தோம். அக்கா இல்லாத நேரத்தில் என் கால் என்னை அறியாமல் அந்த அறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்.

பாத்திரங்களைத் துடைத்து அடுக்கும்போது அக்கா மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஒரு மலைக்குப் போவமா?"

"மலைக்கா?"

"எங்க அம்மா வூட்டுலேர்ந்து பாத்தா பச்சமல தெரியும். காலைல எந்திரிச்சு வாசத் தெளிக்கும்போதும் அதான், சாய்ங்காலம் மாடு கட்டும்போதும் அதான். கல்யாணம் ஆவற வரைக்கும் அது மொகத்துலதான் முழிச்சேன். ஒரு தடவ கூட ஏறுனதில்ல. பொட்டப்புள்ளைங்கள யாரு வுடுவா?"

வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்து ஊர் அவருடையது. நானோ ஆண்டிமடம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பார்த்தாலும் முந்திரிக்காடுதான். செம்மண் ரோடு கொஞ்சம் மேடேறினால் அதையே மேடு என்று பேர் வைத்துச் சொல்வோம். மலை என்பதை நான் முதன்முதலில் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணமாகி அக்காவின் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனபோதுதான். அதனால் அவர் கேட்டதும் எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

பச்சைமலையில் எங்கே நடந்து ஏறுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பழனிக்குப் போகலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். முடியாவிட்டால் விஞ்சில் ஏறிக்கொள்ளலாமே.

"விஞ்சுல போறதுக்குப் பேரு மலையா?" என்றார் அக்கா.

அடுத்த தெருவில் மகளிர் குழுப் பெண்கள் வேன் பிடித்துச் சதுரகிரிக்குப் போய்வந்திருந்தார்கள். ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தியிடம் விசாரித்தேன். பாதை தெளிவாக இருக்கும், தனியாக ஏறுகிற மாதிரியே இருக்காது, ஜனம் போய்க்கொண்டே இருக்கும், மெதுவாக ஏறினால் ஏறிப் பழகாதவர்களும் ஏறிவிடலாம் என்றாள். "ஆனா எறங்கும்போதுதான் தெரியும்" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மத்தியான நேரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, நானும் அக்காவும் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தோம். யார் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே பேசியபடி ஏறினார்கள். அக்கா அவர்கள் முகத்தையே பார்க்கமாட்டார். "அந்தப் பொம்பள காலுல என்ன போட்டிருக்கு பாரு. நிறுத்து, நிறுத்து" என்பார்.

இரண்டு ஆண்களிடமும் சொல்லும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழம்பு ஊற்றுகிற சாக்கில் போட்டு உடைத்தார். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எந்த மலைக்கு? யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பிறகு நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும், "சரி அண்ணி, நான் லீவு போடுறேன், எல்லாரும் சேந்து போவோம்" என்றார்.

"வேணாந் தம்பி. நீங்க வந்தா ஒங்களுக்கும் சோறு கட்டணும், ஒங்க துண்டு எங்கன்னு தேடணும். நாங்க மட்டும் போறோம்," என்றார் அக்கா.

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கூட்டு வேண்டுமா என்று கேட்கிற குரலிலேயே சொன்னார். அதனால்தான் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை.

மகளிடம் போனில் சொன்னபோது அவள், "மொதல்ல நடக்கப் பழகுங்கம்மா. எடுத்த எடுப்புல ஏறுனா முட்டி போயிடும்" என்றாள். அதனால் விடியற்காலையில் ஏரிக்கரை மேல் நடக்க ஆரம்பித்தோம். முதல் வாரம் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் எங்களை நிறுத்தி, "என்ன, சுகரா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் வேலை இல்லாமல் நடக்கிறவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்க வேண்டும். எனக்கு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி வாய் வலித்தது. அக்கா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். யார் கேட்டாலும், "ஆமாங்க, கொஞ்சம் கூட இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். ஒருவர் ஆவாரம்பூவைக் காயவைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு பையே கொடுத்தனுப்பினார்.

உண்மையில் அக்காவுக்கு இருந்தது பிரஷர். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, "மாத்திரைய விடாம போடுங்க, மூச்சு வாங்குனா உக்காந்துருங்க, போட்டி போட்டு ஏறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்குச்சு. அதுலயே பிரஷர் ஏறியிருக்கும்" என்றார்.

ஷூ வாங்கப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனோம். கடையில் இருந்த பெண், "யாருக்குங்க, பையனுக்கா?" என்றாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். காட்டில் நடந்து நடந்து விரல்கள் அகன்ற பாதம். அதில் மெட்டி வேறு. எந்த ஷூவைப் போட்டாலும் மெட்டி பக்கத்து விரலைக் கடித்தது. "மெட்டியக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் அந்தப் பெண். அக்கா கேட்காதது போல் அடுத்த ஜோடியை எடுத்தார். கடைசியில் ஆண்கள் பக்கத்திலிருந்து அகலமான ஒன்று கிடைத்தது. கறுப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். முகத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள்.

புடவையோடு பாறை ஏற முடியாது என்பதால் சுடிதார் தைப்பது என்று முடிவானது. அக்காவுக்கு எத்தனையோ வருடமாக நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். பழைய அளவு ஜாக்கெட் ஒன்று இருக்கும், அதை வைத்தே வெட்டிவிடுவேன். இந்த முறைதான் டேப்பை எடுத்து உடம்பில் வைத்து அளந்தேன். தோளை அளந்தபோது ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சரியாக நிற்கவில்லையோ என்று மறுபடி அளந்தேன். வலது தோள் தாழ்ந்துதான் இருந்தது. அத்தையைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கும்போது அக்கா வலது தோளைத்தான் முட்டுக் கொடுப்பார். அவரிடம் சொல்லாமல் அந்தப் பக்கத்துக்கு மட்டும் துணியைக் கொஞ்சம் இறக்கி வெட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டு அவர், "எனக்குன்னே அளவெடுத்த மாரி இருக்கே" என்றார்.

"ஒங்களுக்குன்னு அளவெடுத்ததுதானக்கா."

மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். வெளியே வரமாட்டேன் என்றார். அந்த நேரம் பார்த்து மாமா காட்டிலிருந்து வந்தார். கதவிடுக்கில் சுடிதாரைப் பார்த்துவிட்டு, "யாரு வந்திருக்கா?" என்று என்னைக் கேட்டார். அக்கா தலையை மட்டும் நீட்டினார். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்வெட்டியைச் சாத்திவைத்தார், மறுபடி எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று மண்வெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஏறிப் பழகச் செட்டிகுளத்துக்குப் போனோம். சின்ன மலை, நல்ல படிக்கட்டு, மேலே கையில் கரும்போடு முருகன். திட்டம் போட்டதெல்லாம் நான். எங்கே உட்காருவது, எப்போது தண்ணீர் குடிப்பது, அக்காவுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது எனக்குத்தான். நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற உடம்பு. அக்கா நேராக ஏறவில்லை. படியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சாய்ந்து சாய்ந்து, தலையில் ஏதோ சுமை இருப்பது போல, ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தார். மேலே போய் நின்று, "வா, வா" என்று கையசைத்தார்.

இறங்கும்போது என் ஆடுதசை கிடுகிடுவென்று நடுங்கியது. அக்கா பார்த்துவிட்டார்.

"இதத்தான் அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும், எறங்கும்போது தெரியும்னு."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"எங்கிட்டயுந்தான் சொன்னுச்சு. நீ பயந்துக்கப் போறியேன்னு நான் சொல்லல."

கார்த்திகையில் நாள் குறித்தோம். கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே அக்கா புளிச்சோறு கிளறிவிட்டார். என் அம்மா ஆண்டிமடத்திலிருந்து கொடுத்தனுப்பிய முந்திரியை நான் நெய்யில் வறுத்து டப்பாவில் போட்டேன். பைகள் கூடத்தில் தயாராக இருந்தன. அப்போது டிவியில் ஓடியது: மலையில் மழை, ஓடைகளில் வெள்ளம், பக்தர்கள் ஏற அனுமதி இல்லை. என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார். கூட்டினால் செய்தி மாறிவிடுமா என்ன?

அக்கா சுடிதாரை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் எல்லோருக்கும் அந்தப் புளிச்சோற்றைத்தான் போட்டார். பிரயாணத்துக்கென்று வாழையிலையில் மடித்திருந்ததை அப்படியே ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மாமா பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, "மழ நிக்காமயா போயிடும்?" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மழை வேண்டும் வேண்டும் என்று வானத்தைப் பார்க்கிறவர் அவர்.

அதன் பிறகு வெங்காய வேலை வந்தது, பொங்கல் வந்தது, மக்காச்சோளம் அறுவடை வந்தது. திட்டம் அப்படியே அடங்கிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அக்கா விடியற்காலை நடையை நிறுத்தவில்லை. பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்து என் ஜன்னலைத் தட்டுவார். தை மாதக் கடைசியில், கதிரடித்து மூட்டை ஏற்றி அனுப்பிய மறுவாரம், ஒரு நாள் காலை நாங்கள் கிளம்பிவிட்டோம்.

திருச்சி, மதுரை, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். வழியெல்லாம் அக்கா ஜன்னலோரம். கரட்டைப் பார்த்தாலும் குன்றைப் பார்த்தாலும், "இதுல ஏறிடலாம், இதுல ஏறிடலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். லாட்ஜில் அறை கேட்டபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "ஆம்பளைங்க பின்னால வர்றாங்களாம்மா?" என்றார். "இல்லிங்க, நாங்க ரெண்டு பேருதான்" என்று அக்கா ஆதார் அட்டையை எடுத்து வைத்தார். அறைக்குள் போனதும் மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு நடுவில் உட்கார்ந்து, "யாருக்கும் ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேணாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமா, என்னவோ போல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் இருந்தது. விளக்கை அணைத்ததும் அப்படியே தூங்கிப் போனோம்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் தாணிப்பாறைக்குப் போய் இறங்கியபோது மலை இருட்டாக எதிரில் நின்றது. அடிவாரத்தில் வனத்துறைக்காரர்கள் பைகளைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் எவர்சில்வர் டப்பாக்கள்தான் இருந்தன என்பதால், "சரி, போங்கம்மா" என்று உடனே விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு அதில் பெருமை.

முதலில் பாதை சுலபமாகத்தான் இருந்தது. மரநிழல், பக்கத்தில் ஓடைச் சத்தம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏறினார். கைத்தடியோடு ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போனார். வழுக்குப்பாறையில் நான் உட்கார்ந்து தவழ்ந்து ஏறினேன். அக்கா கறுப்பு ஷூவைப் பதித்துப் பதித்து நடந்தே ஏறிவிட்டார். பேசிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதால் பேச்சை நிறுத்திவிட்டோம். அவர் முன்னால், நான் பின்னால். தாழ்ந்த தோளுக்குச் சரியாகச் சுடிதார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

கோரக்கர் குகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் இடது ஆடுதசை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஐயோ என்று கத்தியபடி பாதையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அக்கா திரும்பி இறங்கி வந்தார். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் ஷூவைக் கழற்றி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, வேணாங்க்கா. நீங்க போயி என் காலப் புடிக்கிறதா?"

"சும்மா இரு."

முதலில் கட்டை விரலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் வளைத்தார். பிறகு உள்ளங்கையால் குதிகாலிலிருந்து மேல் நோக்கி நீவினார். முட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் கட்டை விரலை அழுத்தி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் கைக்கு அந்த வழி பாடமாகியிருந்தது. நானும் அந்தக் கையைப் பல நாள் பார்த்திருக்கிறேன், வாசற்படியில் நின்றபடி.

"அத்தைக்கும் இந்த எடத்துலதான் புடிச்சுக்கும்," என்றார்.

அத்தைக்குப் பேச்சு போன பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது. "வா." தண்ணீர் வேண்டும் என்றாலும் வா, வலித்தாலும் வா, யாராவது அறைக்குள் வந்தால் சந்தோஷத்திலும் வா. வந்தது அக்காவா நானா என்றெல்லாம் இல்லை. இரண்டு பேருக்கும் அந்த ஒரே வார்த்தை.

அக்காவின் விரல்கள் நின்றுவிட்டன. பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தை இறந்த அன்று அழுவதற்கு நாத்தனார்கள் இருந்தார்கள். எங்களுக்கு வந்தவர்களுக்கு டீ போடும் வேலை இருந்தது, பாய் விரிக்கும் வேலை இருந்தது, சாமியானா போட்டவருக்குச் சோறு போடும் வேலை இருந்தது. அப்புறம் கருமாதி, அப்புறம் காட்டு வேலை. அழ வேண்டும் என்றே தோன்றாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது முன்பின் தெரியாத ஜனங்கள் போகிற வழியில் உட்கார்ந்து, என் கால் அவர் மடியில் இருக்க, இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம்.

ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்றுவிட்டது. அதில் ஒரு பெண் பதறிப்போய்ப் பையிலிருந்து வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து நீட்டினாள். "ரொம்ப வலிக்குதாங்க?" என்றாள். அக்கா அதை வாங்கி என் காலில் அடித்துவிட்டு, "இப்பப் பரவால்லம்மா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவர்கள் போனதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் எழுந்து நின்று பார்த்தால் கால் ஊன்றவில்லை. மேலே இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. எனக்கு அழுகைக்குப் பதில் இப்போது வெட்கமாக வந்தது. இத்தனை நாள் திட்டம் போட்டு, கடைசியில் என்னால் அவர் திரும்ப வேண்டியிருக்குமே.

"அக்கா, நீங்க போயி சாமியப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். பையையும் பாத்துக்கறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்கயும் மொறை வைக்கப் போறியா?"

பையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"போனா ரெண்டு பேரும் போவோம். இல்ல, ரெண்டு பேரும் எறங்கிடுவோம். அவரு எங்கயும் போயிட மாட்டாரு."

டப்பாவைத் திறந்து புளிச்சோற்றை என் கையில் வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புப் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். காட்டில் கிடந்த ஒரு கொம்பை எடுத்துச் சிம்புகளை ஒடித்துவிட்டு என் கையில் கொடுத்தார். நன்றாக உட்கார்ந்து எழுந்தபோது கால் கொஞ்சம் ஊன்றியது. "பத்தடி போவோம், அப்பறம் ஒக்காருவோம்" என்றார் அக்கா. அப்படித்தான் போனோம். ஏறினவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். எங்களுக்கு முன்னால் ஏறியவர்கள் இறங்கவே ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம்தான், வந்துட்டீங்க" என்று ஒவ்வொருவரும் சொல்லிப் போனார்கள். அந்தக் கொஞ்சம் முடியவே இல்லை. இரட்டை லிங்கத்தில் உட்கார்ந்தோம். பிலாவடிக் கருப்பர் கோயிலில் உட்கார்ந்தோம். அதற்கு மேல் எப்படி ஏறினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்காவின் கை ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

மேலே போனபோது கூட்டம் குறைந்திருந்தது. சுந்தரமகாலிங்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருப்பார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு என் காதில், "சாமிக்கும் ஒரு பக்கத் தோளு எறங்கியிருக்கு பாரு" என்றார்.

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன்.

"நீ துணிய எறக்கி வெட்டுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அக்காவைக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டல. வந்துட்டம்னு சொன்னேன்" என்றார்.

சீக்கிரம் இறங்கச் சொல்லி விரட்டினார்கள். கோயிலில் போட்ட சோற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பினோம். இறங்கும்போதுதான் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னது உண்மைதான். இந்த முறை தெரிந்தது அக்காவுக்கு. முட்டி ஒவ்வொரு படிக்கும் மடக் மடக் என்றது. என் கொம்பை அவரிடம் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார். கடைசியில் அதன் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டிபோல ஆடி ஆடி இறங்கினோம். அடிவாரத்துக்கு வந்தபோது வெயில் போயிருந்தது. இரண்டு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். அக்காவின் மெட்டி விரல்கள் கன்றிப்போய் இருந்தன. அப்போதுதான் போன் வந்தது. மாமா. சாமி பார்த்தீர்களா என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"கால் எப்புடி இருக்கு?" என்று கேட்டார். அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் ஊர் வந்து சேர்ந்தோம். ஒரு வாரம் எங்களால் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. வாசலில் கோலம் போடக் குனிந்தால் நிமிர நேரமானது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் முனகினால், அந்தப் பக்கத்திலிருந்து அக்கா முனகுவது கேட்கும். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அதற்கப்புறம் நாங்கள் எந்த மலைக்கும் போகவில்லை. அக்காவின் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் தையல் வேலை கூடிவிட்டது. பச்சைமலைக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று பேச்சு மட்டும் இருக்கிறது. அங்கே பஸ் போகிறது, பஸ்ஸில் போகலாமா, அது மலையாகுமா என்று அக்காவுக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் ஒன்று. முன்பெல்லாம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கையில் ஒரு கிண்ணம் இருக்கும். உறைமோரோ, கறிவேப்பிலையோ, ஏதாவது ஒன்று கேட்டுத்தான் வருவார், வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போது சாயங்காலம் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, வெறும் கையோடு வருகிறார். மிஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். சில நாள் பேசுவார், சில நாள் ஒன்றுமே பேசமாட்டார். நான் தைத்துக்கொண்டே இருப்பேன். நூல் அறுந்தால், அவரே ஊசியில் கோர்த்துக் கொடுப்பார்.